சம்ப் வட்டமா, செவ்வகமா? குழி தோண்டும் முன் போட வேண்டிய கணக்கு

வீடு கட்டுகிறவர்கள் டைல்ஸ் வாங்க ஐந்து கடை ஏறி இறங்குவார்கள். தரைக்கடியில் போகிற தண்ணீர்த் தொட்டியை மட்டும் "பத்துக்கு எட்டு போட்டுடலாம் சார்" என்று மேஸ்திரி சொன்ன அளவோடு விட்டுவிடுவார்கள். டைல்ஸ் பிடிக்கவில்லை என்றால் பெயர்த்து மாற்றலாம். மேலே கார் நிறுத்தி, காம்பவுண்டு எழுப்பிய பிறகு சம்ப்பை யாரும் மாற்றுவதில்லை. எட்டாம் வகுப்பில் படித்த உருளை, கனச்செவ்வகக் கணக்கு நிஜமாகவே பணத்தை மிச்சம் பிடிக்கிற இடம் இது. அதனால் வட்டம், செவ்வகம், சிமெண்ட் உறை (அடுக்கி இறக்கும் வளையம்), பிளாஸ்டிக் டேங்க் ஆகியவற்றில் எது யாருக்கு ஒத்துவரும் என்று எண்களை வைத்தே பார்த்துவிடலாம்.

எடுத்துக்கொள்ளும் மனை சென்னைப் புறநகரில் அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி, 30க்கு 40. வீட்டில் ஐந்து பேர். முன்பக்கம் கார் நிறுத்தும் இடம் 10 அடி அகலம், 16 அடி நீளம். சம்ப் அதற்கு அடியில்தான் வர வேண்டும். வேறு இடம் கிடையாது.

எவ்வளவு தண்ணீருக்கு?

நம் நாட்டுக் கட்டடத் தரநிலைகள் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று கணக்கு வைக்கின்றன. ஐந்து பேருக்கு 675 லிட்டர். இந்த எண்ணை மட்டும் பார்த்தால் 3,000 லிட்டர் சம்ப் தாராளம் என்று தோன்றும். ஆனால் 2019 கோடையைச் சென்னையில் கழித்தவர்களுக்குத் தெரியும், சம்ப்பின் அளவைத் தீர்மானிப்பது வீட்டுக்காரர் அல்ல, லாரி. தனியார் லாரி 12,000 லிட்டரோடு வந்து நிற்கும். உங்கள் தொட்டியில் 9,000தான் பிடிக்கும் என்றால் மீதி 3,000க்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியதுதான். தண்ணீர் சுத்தமாகத் தீரும்வரை யாரும் லாரிக்குச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். எனவே லாரி வரும்போது உள்ளே இரண்டு நாள் தண்ணீர், 1,350 லிட்டர், கிடக்கும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 13,350 லிட்டர்.

கட்டட வேலையில் இன்னும் அடிக்கணக்குதான் ஓடுகிறது என்பதால் கன அடிக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒரு கன அடி 28.317 லிட்டர். 13,350ஐ அதால் வகுத்தால் 471.4 கன அடி.

இனிமேல் வருவது எல்லாம் ஒரே சூத்திரம். உருளையோ பட்டகமோ, கொள்ளளவு என்பது குறுக்கு வெட்டுப் பரப்பு பெருக்கல் உயரம். வாழைத்தண்டை எந்த இடத்தில் நறுக்கினாலும் அதே வட்டம் கிடைப்பது போல, நேராக எழும் சுவர்கள் கொண்ட தொட்டியை எந்த உயரத்தில் வெட்டினாலும் அதே வடிவம், அதே பரப்புதான். வட்டமா செவ்வகமா என்ற சண்டை அந்த ஒரு வெட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

ஆழத்தை முதலில் முடிவு செய்வோம். பயன்படும் தண்ணீர் 5 அடி. அதற்குக் கீழே, ஃபுட் வால்வு (மோட்டார் குழாயின் அடிமுனையில் தண்ணீரை உறிஞ்சும் வால்வு) எடுக்காமல் விடுகிற அடித்தண்ணீர் அரை அடி. மேலே, ஸ்லாப்பை நீர் தொடாமல் இருக்க முக்கால் அடி. ஆக உள்ளாழம் 6¼ அடி. ஏன் இன்னும் ஆழமாகப் போகவில்லை என்பதற்குக் காரணம் பின்னால் வருகிறது. 471.4ஐ 5ஆல் வகுத்தால் 94.3. நமக்கு வேண்டியது சுமார் 95 சதுர அடி குறுக்கு வெட்டு.

சுவருக்குக் கொடுக்கும் காசு

தண்ணீர் பிடிப்பது பரப்பைப் பொறுத்தது. ஆனால் செங்கல், சிமெண்ட், பூச்சு, வாட்டர்ப்ரூஃபிங் எல்லாம் சுற்றளவைப் பொறுத்தவை. ஒரே பரப்புக்கு எந்த வடிவத்தின் சுற்றளவு குறைவோ, அதற்குச் சுவர் செலவு குறைவு.

12க்கு 8 செவ்வகம் போட்டால் பரப்பு 96 சதுர அடி, சுற்றளவு 40 அடி. 16க்கு 6 போட்டாலும் பரப்பு அதே 96தான், சுற்றளவு 44. காம்பவுண்டு ஓரமாக ஒல்லியாக 24க்கு 4 என்று இழுத்தால் பரப்பு மாறாது, சுற்றளவு மட்டும் 56 ஆகிவிடும். உள்ளாழம் 6¼ அடியால் பெருக்கினால் பூச வேண்டிய சுவர் முறையே 250, 275, 350 சதுர அடி. மூன்றிலும் தண்ணீர் ஒரே அளவு: 96 × 5 = 480 கன அடி, 13,592 லிட்டர். இடம் இருக்கிறதே என்று நீளமாக இழுப்பவர்கள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அதிகம் பெறாமல் 100 சதுர அடிச் சுவருக்குக் கூடுதலாகப் பணம் கொடுக்கிறார்கள்.

வட்டத்துக்கு 11 அடி விட்டம் எடுத்துக்கொள்ளலாம். விட்டத்தின் வர்க்கம் 121, அதை 0.7854ஆல் பெருக்கினால் 95.03 சதுர அடி. (பை பெருக்கல் ஆரத்தின் வர்க்கம் என்று பள்ளியில் படித்ததுதான். பையை 4ஆல் வகுத்த 0.7854ஐ மனதில் வைத்துக்கொண்டால் விட்டத்தைப் பாதியாக்குகிற வேலை மிச்சம். வேலையிடத்தில் ஆரத்தை யாரும் அளப்பதில்லை, விட்டத்தைத்தான் அளக்கிறார்கள்.) ஐந்து அடித் தண்ணீருக்கு 475.2 கன அடி, 13,455 லிட்டர். சுற்றளவு 34.56 அடி, சுவர் 216 சதுர அடி. 12க்கு 8 செவ்வகத்தைவிட 34 சதுர அடி குறைவு.

செங்கல் கணக்கில் இது எவ்வளவு என்று பார்க்கச் சுவரின் குறுக்கு வெட்டையே எடுக்கலாம். வெளிப்பரப்பிலிருந்து உள்பரப்பைக் கழித்தால் வருவது சுவர் நிற்கும் பரப்பு. சுவர் 9 அங்குலம், அதாவது முக்கால் அடி. செவ்வகத்தின் வெளியளவு 13½க்கு 9½, பரப்பு 128.25, உள்ளே 96 போக மிச்சம் 32.25 சதுர அடி. 6¼ அடி உயரத்துக்கு 201.6 கன அடிச் சுவர். வட்டத்தின் வெளிவிட்டம் 12½, பரப்பு 122.72; உள்ளே 95.03 போக 27.69. அதை 6¼ஆல் பெருக்கினால் 173 கன அடி. ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குக் கட்டுவேலை மிச்சம்.

இதை மட்டும் படித்துவிட்டு வட்டம்தான் என்று கிளம்பிவிட வேண்டாம். செங்கல்லில் வட்டச் சுவர் எடுக்கிற கொத்தனார் கிடைத்தால் அவர் கேட்கும் கூலி வேறு. மேலே போடும் ஸ்லாப்புக்கு வட்டமாகச் சென்ட்ரிங் (கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் பலகை அச்சு) அடிக்கப் பலகையை அறுக்க வேண்டும், கம்பி ஒவ்வொன்றும் வேறு வேறு நீளம், வெட்டு மீதம் அதிகம். மிச்சமான 28 கன அடிச் சுவர் அங்கேயே கரைந்துவிடலாம். அதைவிடப் பெரிய சிக்கல் இடம்.

இடத்துக்குக் கொடுக்கும் காசு

வட்டத்தை ஒரு சதுரத்துக்குள் அடக்கினால் அந்தச் சதுரத்தில் 78.5 சதவீதத்தைத்தான் அது பயன்படுத்தும். நான்கு மூலையும் வீண். 12½ அடி வெளிவிட்டம் கொண்ட தொட்டிக்கு மனையில் 12½க்கு 12½, அதாவது 156 சதுர அடி ஒதுக்க வேண்டும். செவ்வகத்துக்கு 128¼ போதும். பண்ணை வீட்டில் இந்த 28 சதுர அடி ஒரு பொருட்டே இல்லை. நம் மனையில் கார் நிறுத்தும் இடத்தின் அகலமே 10 அடி. 12½ அடி வட்டம் அங்கே இறங்காது.

சரி, வட்டத்தைச் சுருக்கி ஆழத்தைக் கூட்டினால்? 10 அடி வெளிவிட்டம் என்றால் உள்விட்டம் 8½. பரப்பு 56.75 சதுர அடி. 471.4 கன அடி பிடிக்கத் தண்ணீர் மட்டும் 8.31 அடி நிற்க வேண்டும். மேலும் கீழும் சேர்த்து உள்ளாழம் 9.56 அடி. சுற்றளவு 26.7 அடி என்பதால் சுவர் 255 சதுர அடி. கவனித்தீர்களா? வட்டத்துக்கென்று இருந்த சிக்கனம் போயே போய்விட்டது. 12க்கு 8 செவ்வகத்தின் 250 சதுர அடியைவிட இப்போது சுவர் கூடுதல். நியாயமாகச் சொன்னால் ஸ்லாப்பிலும் அடித்தளத்திலும் மிச்சம் உண்டு: மேலே 128¼ சதுர அடிக்குப் பதில் 78½. ஆனால் அடித்தளத்தோடு சேர்த்துக் குழி 10 அடி ஆழம் போகும். பக்கத்தில் வீட்டுத் தூணின் ஃபூட்டிங், அதாவது தூணைத் தாங்கும் அடிக்கட்டு, ஐந்தாறு அடியில் உட்கார்ந்திருக்கும்போது அதற்கும் கீழே நான்கடி தோண்டுவது விளையாட்டல்ல. அந்தக் குழி சரிந்தால் ஃபூட்டிங்குக்குக் கீழே இருக்கும் மண்ணும் சேர்ந்து வரும். ஐந்து அடித் தண்ணீரோடு நான் நிறுத்திக்கொண்டதற்கு முதல் காரணம் இதுதான். இரண்டாவது காரணம் நிலத்தடி நீர்.

இன்னொரு சின்ன விஷயம். தூண் குறுக்கே வருகிறது என்று சில வீடுகளில் செவ்வகத்தின் ஒரு மூலையைக் கடித்துவிட்டு 'ட' வடிவில் சம்ப் கட்டுவார்கள். 12க்கு 8இல் ஒரு மூலையில் 3க்கு 3 போனால் பரப்பு 87 ஆகிறது. 1,274 லிட்டர் போச்சு. சுற்றளவு? அதே 40 அடி. கடித்த இடத்திலும் இரண்டு சுவர் திரும்புகிறதே! தண்ணீர் குறைகிறது, செலவு குறைவதில்லை. முடிந்தவரை தூணைவிட்டுத் தள்ளி நேர் செவ்வகமாகவே போடுங்கள்.

மண் தள்ளும்போது, தண்ணீர் தூக்கும்போது

வட்டத்துக்கு ஒரு பெரிய பலம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. தொட்டி காலியாக இருக்கும்போது வெளி மண் எல்லாப் பக்கமும் சுவரை உள்ளே தள்ளும். வட்டச் சுவரில் அந்தத் தள்ளல் செங்கல்லை ஒன்றோடொன்று நெருக்குகிறது. நெருக்கத்தைத் தாங்குவதில் செங்கல் கெட்டி. கீழடியில் தோண்டி எடுத்த சுடுமண் உறைக்கிணறு முதல் நம் ஊர்க் கழனிக் கிணறு வரை பல கிணறுகள் வட்டமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 12 அடி நேர்ச் சுவரோ உள்பக்கமாக வளையப் பார்க்கும். வளைவைத் தாங்கக் கம்பி வேண்டும். ஆகவே நீளமான செவ்வகச் சம்ப்பைச் சும்மா 9 அங்குலச் செங்கல்லில் கட்டாமல், கான்கிரீட் சுவராகவோ, நடுவில் தடுப்புச் சுவர் வைத்தோ கட்டுவது நல்லது. எது என்பதை உங்கள் மண்ணைப் பார்த்து இன்ஜினியர் சொல்லட்டும்.

தடுப்புச் சுவர் இலவசம் இல்லை. முக்கால் அடி கனம், 8 அடி நீளம், 5 அடித் தண்ணீர்: 30 கன அடி, 850 லிட்டர் குறையும். அந்த அளவுக்கு நீளத்தை 12¾ ஆக்கிவிடலாம். நமக்கு 16 அடி நீளம் இருக்கிறது. பதிலுக்குக் கிடைப்பது இரண்டு அறைகள். ஒன்றைக் கழுவும்போது மற்றொன்றில் தண்ணீர் இருக்கும். லாரித் தண்ணீரை ஒன்றிலும் குடிநீர் வாரியத் தண்ணீரை இன்னொன்றிலும் பிரித்து வைக்கலாம். வட்டத்தை இப்படி இரண்டாக்குவது கஷ்டம். செவ்வகத்தை நான் விரும்புவதற்கு இது ஒரு தனிக் காரணம்.

அப்புறம் நிலத்தடி நீர். நவம்பர், டிசம்பரில் வேளச்சேரி, பள்ளிக்கரணை மாதிரிப் பகுதிகளில் தரை மட்டம்வரை நீர் ஏறி நிற்கும். அப்போது காலிச் சம்ப் ஒரு படகு. படகைத் தூக்குவது அது இடம் மாற்றும் நீரின் எடை. ஆகவே இங்கே வேண்டியது வெளிக் கொள்ளளவு. செவ்வகத்தின் வெளிப்பரப்பு 128¼ சதுர அடி. அடித்தளம் அரை அடி சேர்த்து ஆழம் 6¾. பெருக்கினால் 865.7 கன அடி. அத்தனை நீரின் எடை 24.5 டன். சம்ப்பின் சொந்த எடை என்ன? 201.6 கன அடிச் செங்கல் சுவர் ஏறத்தாழ 10.9 டன், அரை அடி அடித்தளம் 4.5 டன், 5 அங்குல மேல் ஸ்லாப் 3.8 டன். மொத்தம் 19.2 டன்தான். மண்ணின் உராய்வை விட்டுவிட்டுப் பார்த்தால் 5 டன்னுக்கு மேல் குறைகிறது. மழைக்காலத்தில் காலியாக இருந்த சம்ப் மேலே எழும்பி விரிசல் விட்டது என்று கேள்விப்பட்டால் அதில் மாயம் ஒன்றுமில்லை, இந்தக் கழித்தல்தான்.

வட்டம் இதில் தப்பிக்குமா என்று போட்டுப் பார்த்தேன். தூக்கும் விசை 23.5 டன், சொந்த எடை சுமார் 17.3 டன். பற்றாக்குறை 6 டன்னைத் தாண்டுகிறது. சுவரில் மிச்சம் பிடித்தோமே, அந்த எடையும் சேர்ந்து போய்விட்டது! எந்த வடிவமானாலும் மருந்து ஒன்றுதான்: மழைக்காலத்தில் தொட்டியைக் காலியாக விடாதீர்கள். 96 சதுர அடியில் 2 அடித் தண்ணீர் நின்றால் 5.4 டன், கணக்கு அப்போதுதான் மட்டுமட்டாகச் சரியாகிறது. நான் 3 அடி என்று வைத்துக்கொள்வேன். கழுவுகிற வேலையைச் சித்திரை, வைகாசியில் முடித்துவிடலாம்.

உறை இறக்கினால்?

இனி உறை. ஒரு அடி உயரச் சிமெண்ட் வளையங்களை அடுக்கி, இடைவெளியைப் பூசி, ஒரே நாளில் தொட்டி தயார் என்பார்கள். மலிவு, வேகம், இரண்டும் உண்மை. ஆனால் விட்டம் சிறிது என்பதால் கொள்ளளவு ஏமாற்றும். 4 அடி உறையின் பரப்பு 12.57 சதுர அடி. 5 அடித் தண்ணீருக்கு 1,779 லிட்டர். 5 அடி உறையில் 2,780. 6 அடி உறையில் 4,003. நமக்கு வேண்டிய 13,350க்கு 6 அடி உறையிலேயே நான்கு தொட்டி இறக்கிக் குழாயால் இணைக்க வேண்டும். மூன்று வைத்தால் 12,009 லிட்டர். சரியாக ஒரு லாரி பிடிக்கும், பழைய தண்ணீர் ஒரு குடம்கூட இருக்கக் கூடாது.

இங்கே பலர் சறுக்கும் ஒரு கணக்கு உண்டு. 3 அடி உறை இரண்டு இறக்கினால் 6 அடி உறை ஒன்றுக்குச் சமம் என்று நினைப்பார்கள். இல்லை. விட்டம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்கு: 3 அடிக்கு 7.07, 6 அடிக்கு 28.27. ஆறடி உறை ஒன்றுக்கு ஈடாக மூன்றடி உறை நான்கு வேண்டும். சுற்றளவோ ஒன்றுக்கு 18.85 அடி, நான்குக்கும் சேர்த்து 37.7 அடி. அதே தண்ணீருக்கு இரண்டு மடங்கு சுவர்.

கசிவு தனி விஷயம். ஒவ்வொரு அடிக்கும் ஒரு மூட்டு. 6 அடி உறை ஆறு அடுக்கினால் அடித்தள மூட்டையும் சேர்த்து ஆறு வளைய மூட்டுகள், நீட்டிப் போட்டால் 113 அடி. அத்தனை நீளமும் கசியாமல் இருக்க வேண்டும். வெளியே சாக்கடை நீரும் உள்ளே குடிக்கிற நீரும் அந்த மூட்டுக்கு இரு பக்கமும் நிற்கின்றன. குடிநீர்ச் சம்ப்புக்கு உறையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஆனால் மழைநீர் உறிஞ்சு கிணற்றுக்கு உறையைப் போல் ஒன்று கிடையாது. அங்கே கசிவதுதான் வேலை. தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் இதையும் எப்படியும் தோண்டத்தான் போகிறீர்கள். மொட்டைமாடி மேல் பெய்யும் மழையும் ஒரு பட்டகம்தான்: பரப்பு மாடி, உயரம் மழையளவு. 1,000 சதுர அடி மாடியில் ஓர் அங்குல மழை என்றால் 83.3 கன அடி, 2,360 லிட்டர். 3 அடி விட்டம், 10 அடி ஆழ உறைக்கிணறு பிடிப்பது 70.7 கன அடி, 2,002 லிட்டர். ஓர் அங்குலத்துக்கே போதவில்லை. அதிலும் ஜல்லியை நிரப்பினால் பாதிக்கு மேல் கல்லே அடைத்துக்கொள்ளும். சென்னையில் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அந்த மாடிக்கு அது 1,30,000 லிட்டர். பெயருக்கு ஒரு குழி தோண்டி முடித்துக்கொள்ளாமல், மண் எவ்வளவு வேகமாக உறிஞ்சுகிறது என்று பார்த்து விட்டத்தைக் கூட்டுங்கள். நான்கடி ஆக்கினாலே கொள்ளளவு கிட்டத்தட்ட 1.8 மடங்கு.

பிளாஸ்டிக் டேங்க்

தரைக்கு மேல் 5,000 லிட்டர் டேங்க் மூன்று வைத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வாடகை இடத்துக்கும், தோண்டினால் இரண்டடியில் ஊற்று வருகிற மனைக்கும் இது நல்ல யோசனைதான். மிதக்கும் பயம் இல்லை, கசிந்தால் கண்ணுக்குத் தெரியும், வீடு மாறும்போது தூக்கிக்கொண்டும் போகலாம். சிக்கல் லாரிதான். சம்ப்புக்குக் குழாயைப் போட்டுவிட்டால் தண்ணீர் தானாக இறங்கிவிடும். ஆள் உயர டேங்க்குக்கு லாரியிலிருந்து கடைசிவரை அப்படி இறங்காது, மோட்டார் வைத்து ஏற்ற வேண்டும். மூன்று டேங்க் நின்றால் கார் தெருவில்.

பழைய டேங்க் வாங்கினால் கொள்ளளவைச் சரிபார்க்க ஒரு வழி. நிற்கிற டேங்க்கின் விட்டத்தை அளப்பது கஷ்டம், நடுவில் டேப் போகாது. சுற்றி டேப்பைக் கட்டிச் சுற்றளவை எடுங்கள். அதன் வர்க்கத்தை 12.57ஆல் வகுத்தால் குறுக்கு வெட்டுப் பரப்பு. சுற்றளவு 18.85 அடி வந்தால் 28.27 சதுர அடி. உயரத்தை மூடிவரை அளக்காதீர்கள். கீழே வெளியேறும் குழாயிலிருந்து மேலே மிதவை வால்வு நிறுத்தும் மட்டம்வரை அளந்தால் கையில் கிடைக்கிற தண்ணீர் எவ்வளவு என்று தெரியும்.

படுத்துக்கிடக்கும் உருளை

தரைக்கடியில் படுக்கை வசமாகப் புதைக்கிற பிளாஸ்டிக் டேங்க்குகளும் வருகின்றன. இதில் ஒரு குணம் வேறு. நிற்கும் உருளையிலும் செவ்வகச் சம்ப்பிலும் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரே அளவு தண்ணீர். படுத்த உருளையில் அப்படி இல்லை. பாதி உயரத்தில் பாதிதான். ஆனால் கால் உயரத்தில் கால்வாசி இருக்காது, 19.6 சதவீதம்தான் இருக்கும். பத்தில் ஒரு பங்கு உயரத்தில் வெறும் 5.2 சதவீதம். குச்சியை விட்டுப் பார்த்து இன்னும் கால் டேங்க் இருக்கிறதே என்று நிம்மதியாகத் தூங்கினால் மறுநாள் பாதிக் குளியலில் குழாய் நின்றுவிடும்.

லாரி டேங்க்கும் படுத்த உருளைதான், பெரும்பாலும் நீள்வட்டக் குறுக்கு வெட்டு. அதன் பரப்பு அகலம் × உயரம் × 0.7854. உள்ளளவு 6½ அடி அகலம், 4½ அடி உயரம், 18½ அடி நீளம் என்றால் 425 கன அடி, 12,034 லிட்டர். மேலே சொன்ன சதவீதங்கள் நீள்வட்டத்துக்கும் அப்படியே பொருந்தும். ஆகவே மூடியைத் திறந்து பார்க்கும்போது தண்ணீர் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் குறைவது பத்து சதவீதம் அல்ல, 5.2; அதாவது சுமார் 625 லிட்டர். லாரிக்காரரோடு சண்டைக்குப் போகும் முன் இதைத் தெரிந்துகொள்வது இருவருக்கும் நல்லது.

இதைவிட நேரான வழி உங்கள் சம்ப்பையே அளவுகோலாக்குவது. 96 சதுர அடிச் செவ்வகத்தில் ஓர் அங்குலம் என்பது 8 கன அடி, 226.5 லிட்டர். 12,000 லிட்டர் இறங்கினால் மட்டம் 53 அங்குலம், அதாவது 4 அடி 5 அங்குலம் ஏற வேண்டும். லாரி வருவதற்கு முன் ஒரு அளவு, போன பின் ஒரு அளவு. அவ்வளவுதான். படுக்கை டேங்க்கில் இந்தச் சுகம் இல்லை என்பதாலேயே அதை நான் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன்.

அடியில் தங்கும் தண்ணீர்

எந்த வடிவத்தை எடுத்தாலும் பெரும்பாலானோர் தொலைப்பது மூலையில் அல்ல, அடியில். அரை அடி அடித்தண்ணீர் என்று முதலில் வைத்தோமே, 96 சதுர அடிக்கு அது 48 கன அடி, 1,359 லிட்டர். குடும்பத்தின் இரண்டு நாள் தண்ணீர், மோட்டார் எடுக்காமல் எப்போதும் சும்மா கிடக்கும். தரையை ஒரு பக்கமாக 3 அங்குலம் சரித்து, தாழ்ந்த மூலையில் ஒன்றரைக்கு ஒன்றரை, முக்கால் அடி ஆழத்தில் ஒரு குழி விட்டு ஃபுட் வால்வை அதற்குள் இறக்கினால் இது பெரும்பாலும் மீண்டுவிடும். குழி பிடிப்பது 48 லிட்டர்தான். சரிவுக்குப் போடும் கான்கிரீட் ஒரு முக்கோணப் பட்டகம்: ½ × 12 × ¼ × 8 = 12 கன அடி. அதற்கான செலவு பெரிதில்லை. சேறும் அந்தக் குழியில் வந்து சேரும், கழுவுவதும் எளிது. ஒரே கவனம், வால்வு சேற்றை உறிஞ்சாத அளவுக்குக் குழியின் அடியிலிருந்து சற்று மேலே நிற்க வேண்டும்.

அளவுப் பிழையில் வட்டம் கொஞ்சம் கொடூரம். 11 அடி விட்டம் கட்டும்போது 10¾ ஆகிவிட்டால், வெறும் 3 அங்குலம், 4.5 சதவீதம் போகும். 600 லிட்டருக்கு மேல். விட்டம் வர்க்கமாகிறதல்லவா. செவ்வகத்தில் 8 அடிப் பக்கம் மட்டும் 3 அங்குலம் குறைந்தால் 3.1 சதவீதம், 425 லிட்டர். பூச்சை மறப்பதும் இதே ரகம். இரண்டு பக்கமும் முக்கால் அங்குலம் பூசினால் 12க்கு 8 என்பது 11 அடி 10½ அங்குலத்துக்கு 7 அடி 10½ அங்குலம் ஆகிறது. 352 லிட்டர் சுவரில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஆக, இந்த மனைக்கு நான் 12¾க்கு 8 செவ்வகம், நடுவில் தடுப்பு, ஐந்து அடித் தண்ணீர், மூலையில் உறிஞ்சு குழி என்று போவேன். 16க்கு 10 இடத்தில் இது அடங்கும். அகலத்தில் கொத்தனார் வெளிப்பக்கம் நின்று பூச இடம் இருக்காது என்பதால் கான்கிரீட் சுவர் இன்னும் வசதி. இதே வீடு திண்டிவனம் பக்கம் அரை ஏக்கர் தோப்பில் வந்தால் யோசிக்காமல் 11 அடி வட்டம். அங்கே இடம் பிரச்சினை இல்லை, வட்டக் கிணறு கட்டிப் பழகிய கொத்தனாரும் கிடைப்பார். ஊற்று மேலே நிற்கிற மனையில் பிளாஸ்டிக். உறை மழைநீருக்கு மட்டும்.

மேஸ்திரியிடம் வாயால் சொல்வதோடு விடாமல் தாளில் எழுதிக் கொடுங்கள்: "பூச்சு முடிந்த பின் உள்ளளவு 12 அடி 9 அங்குலம் × 8 அடி, உள்ளாழம் 6 அடி 3 அங்குலம்". பூச்சு முடிந்த பின் என்ற சொற்களை அடிக்கோடிடுங்கள். ஸ்லாப் போடும் முன், சுவரின் உள்பக்கம் மேன்ஹோலுக்கு நேர் கீழே, அடியிலிருந்து அங்குலத்துக்கு ஒரு கோடும் அடிக்கு ஒரு பெரிய கோடும் எபாக்சி பெயிண்டில் இழுக்கச் சொல்லிவிட்டால், லாரி வரும் நாளில் டார்ச் ஒன்று போதும்.